நாத்திகர் கையால் காபி

பெங்களூரில் பீன்யா இரண்டாவது ஸ்டேஜுக்குப் போகிற பஸ்ஸில் ஏறி, கண்டக்டரிடம் "காபி கணபதி ஒண்ணு" என்று சொன்னால் போதும், டிக்கெட்டைக் கிழித்துக் கையில் கொடுத்துவிடுவார். எந்தக் கணபதி, ஏன் காபி என்று அவர் கேட்க மாட்டார். ஆட்டோக்காரரும் கேட்க மாட்டார். கல்யாணப் பத்திரிகையிலேயே 'காபி கணபதி கோயில் எதிர்ச்சந்து' என்று அச்சடிக்கிற அளவுக்கு ஊருக்குப் பழகிப்போய்விட்டது. ஒரே ஒரு ஆள்தான் அந்தப் பெயரை வாயால் சொல்ல மாட்டார். முந்தின ஸ்டாப்புக்கு டிக்கெட் வாங்கி, இறங்கி, வெயிலோ மழையோ மீதித் தூரத்தை நடந்தே வீட்டுக்கு வருவார். அவர் எத்திராஜ். அந்தக் கோயிலே அவரால்தான் வந்தது என்று ஊர் நம்புகிறது. கொடுமை அதுதான்.

கோயில் ஒன்றும் பெரிதில்லை. லைன் வீடுகளின் முகப்பில் அரச மரத்தடியில் ஒரு கல் பிள்ளையார். ஒரு காலத்தில் வெயிலில் கிடந்தவருக்கு இப்போது டைல்ஸ் ஒட்டிய கருவறை, கிரில் கதவு, உண்டியல். சங்கடஹர சதுர்த்தி அன்று பெண்கள் பித்தளை டம்ளரில் டிகாக்ஷன் காபி கொண்டுவந்து வரிசையில் நிற்பார்கள். பூசாரி ஆளுக்கு ஒரு ஸ்பூன் சாமிக்குக் காட்டிவிட்டு மீதியைத் திருப்பித் தருவார். சர்க்கரை போட்டதா என்று கேட்டுத்தான் வாங்குவார், எறும்பு வருகிறதாம். சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் பழுப்பேறிய பேப்பர்த் துண்டு ஒன்று தொங்குகிறது. 'நகரத் தென்றல்' என்ற மாலைப் பத்திரிகையில் தொண்ணூற்றைந்தாம் வருஷம் கொட்டை எழுத்தில் வந்த தலைப்பு:

"நாத்திகர் கையால் காபி குடித்தார் பிள்ளையார்! பால் பிடிக்கவில்லையாம், பீன்யாவில் பரபரப்பு."

அதில் இருக்கிற நாத்திகர்தான் எத்திராஜ். அதில் இல்லாத ஆள் அவர் மனைவி வேதநாயகி. காபியைக் கொடுத்தவள் அவள்.

நாடு முழுக்கப் பிள்ளையார் பால் குடித்தாரே, அந்த நாள் நடந்த கூத்து இது. எத்திராஜ் அப்போது வால்வு கம்பெனியில் டர்னர். யூனியன் செயலாளர். கறுப்புச் சட்டை. நைட் ஷிப்ட் முடித்துக் காலையில் வந்தவர் அரச மரத்தடிக் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே உள்ளே நுழைந்தார். "கல்லு ஈரத்த இழுக்கும். அதுக்குப் பேரு சாமியாம். சாயங்காலம் கம்பெனி கேட் மீட்டிங்ல ஒரு ஸ்பூனும் அம்மிக்குழவியும் வச்சி நானே காட்றேன் பாரு" என்றார். "கொஞ்ச நேரம் சாயறேன். எழுப்பறப்ப ஒரு காபி குடு" என்று சொல்லிவிட்டுக் குப்புறப் படுத்தவர்தான், வீடு அதிரக் குறட்டை.

வெளியே பால் பாக்கெட் விலை ஏறிக்கொண்டே போனது. பக்கத்து வீட்டு பிரிஜெட்கூட, அந்தோணியார் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று முக்காடு போட்டுக்கொண்டு, ஒரு கிண்ணம் பாலோடு போய்விட்டு வந்தாள். வேதநாயகி மட்டும் அரை பாக்கெட்டைச் சொம்பில் ஊற்றி அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்தாள். புருஷன் எழுந்ததும் காபி வேண்டுமே. அதைக் காய்ச்சி, டிகாக்ஷன் கலந்து, ஆற்றிக்கொண்டு இருக்கும்போது வீட்டு ஓனரம்மா வாசலில் வந்து நின்றாள். மூக்கு இருக்கிறதே, அதுதான் பாழாய்ப்போனது. "தேவரிகே இல்ல, கண்டனிகே காஃபியா?" என்றாள், ஊருக்கே கேட்கிற மாதிரி. சாமிக்கு இல்லாத பால் புருஷனுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது என்று கேள்வி. பத்துப் பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

வேதநாயகிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. டம்ளரோடு போனாள், கூட்டத்தை விலக்கினாள். "இந்தாய்யா, நீயே குடி, உனக்குத்தான் எல்லாம்" என்று ஒரு ஸ்பூன் காபியைத் தும்பிக்கையில் வைத்தாள். காபி இறங்கியது. இன்னொரு ஸ்பூன், அதுவும் இறங்கியது. கூட்டம் ஓவென்று கூவியபோது அவளே ஸ்பூனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து மொபெட்டில் வந்து இறங்கினார் நகரத் தென்றல் நிருபர் சுந்தரராமன்.

"யார் காபிம்மா?" என்றார். "எத்திராஜ் ஊட்டுக் காபி" என்றது கூட்டம். வேதநாயகி என்று ஒரு பெயர் இருப்பதே அந்த லைனில் யாருக்கும் தெரியாது. அவள் எத்திராஜ் ஊட்டம்மா, அவ்வளவுதான். புருஷனைப் பற்றி அவளிடமே கேட்டபோது, பிரிஜெட்டைத் திரும்பிப் பார்த்தாள். கறுப்புச் சட்டைக்காரர் பொண்டாட்டிதான், ஆனால் புருஷன் பெயரை வாயால் சொல்லிப் பழக்கமில்லை. எத்திராஜ் எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்துவிட்டார், நாக்கு திரும்பவில்லை. பிரிஜெட் பெயரைச் சொன்னாள், கம்பெனியைச் சொன்னாள், யூனியனையும் சொன்னாள். சுந்தரராமன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. கொடுத்தது யார் என்று அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. சாயங்காலம் நாலு மணிக்குப் பேப்பர் வந்துவிட்டது.

அன்றைக்கு ஸ்பூனும் குழவியுமாகக் கேட் மீட்டிங்குக்குப் போன எத்திராஜ் ராத்திரி வீட்டுக்கு வந்து சாப்பிட்டார், கை கழுவினார், படுத்தார். ஒரு வார்த்தை இல்லை. அடுத்த வாரம் யூனியன் தேர்தல். எதிரணிக்காரன் அந்தத் தலைப்பையே போஸ்டராக அடித்து ஒட்டினான். எத்திராஜ் தோற்றார். ஜெயித்தவர்கள் மேனேஜ்மெண்ட் நீட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே போனார்கள், கடைசியில் வி.ஆர்.எஸ். வந்தது, கம்பெனிக்குப் பூட்டு விழுந்தது. அப்போதும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. கேட்டுக்கு வெளியே நின்று கோஷம் போட்ட மனிதர், இப்போது மல்லேஸ்வரத்தில் ஒரு அபார்ட்மெண்ட் கேட்டுக்கு உள்ளே நின்று காருக்குக் காருக்கு சல்யூட் அடிக்கிறார். வேதநாயகி இட்லி மாவு அரைத்து பாக்கெட் போட்டு, கம்ப்யூட்டர் கம்பெனிப் பையன்கள் இருக்கிற வீடுகளுக்குக் கொடுக்கிறாள். மகள் லாவண்யாவுக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை, அங்கேயே பி.ஜி.யில் இருக்கிறாள். குடும்பத்துக்குக் குறை ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் ஒரு டம்ளர் காபியால் புருஷனின் வாழ்க்கையைக் கவிழ்த்துவிட்டோம் என்கிற நினைப்பு வேதநாயகியை விட்டதில்லை. அவர் கோபித்துக்கொண்டு இரண்டு அறை விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. இந்த வாய்மூடல்தான் அறுத்தது. என்றைக்காவது அதே பேப்பரில், 'எத்திராஜ் கொடுக்கவில்லை' என்று ஒரு வரி வந்துவிட வேண்டும். அவளுடைய வேண்டுதல் அது ஒன்றுதான், அதையும் அந்தப் பிள்ளையாரிடமே போய்ச் சொல்லிக்கொள்ள அவளுக்குக் கூச்சம்.

இரண்டாயிரத்து நாலு, ஆடி மாதம். பெங்களூர் ஆடிக்குக் காற்றும் தூறலும்தான், பெய்யவும் பெய்யாது, விடவும் விடாது. மாவு புளிக்கவே மாட்டேன் என்று அடம்பிடிக்கிற காலம். வேதநாயகி கிரைண்டருக்கு முன்னால் உட்கார்ந்து உளுந்தைத் தள்ளிவிட்டுக்கொண்டு இருந்தபோது வாசலில் குடையை மடக்கினார் ஒருவர். தலை நரைத்து, கண்ணாடி தடித்து, தோளில் அதே பழைய ஜோல்னாப் பை.

"எத்திராஜ் வீடுதானே? என்னைத் தெரியறதாம்மா? சுந்தரராமன். நகரத் தென்றல்."

வேதநாயகி கிரைண்டரை நிறுத்தினாள். "உக்காருங்க சார்" என்றாள். குரல் அவளுக்கே வேறாகக் கேட்டது.

பேப்பர் பேச்சு என்றதும் பிரிஜெட் புடவைத் தலைப்பில் கை துடைத்துக்கொண்டு வந்து வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். சுந்தரராமன் இன்னும் ரிட்டயராகவில்லை. விடிகாலையிலேயே வந்துவிடுகிற ஞாயிற்றுக்கிழமை மலரில் 'அன்று போட்டது' என்று ஒரு பத்தி எழுதுகிறார். பழைய தலைப்புகளை எடுத்து, அப்புறம் என்ன ஆச்சு என்று சிரிக்கச் சிரிக்க எழுதுவது.

"நான் போட்ட தலைப்பெல்லாம் திரும்பிப் பார்த்தா எனக்கே சிரிப்பு வர்றதும்மா. 'பீன்யா குடிநீர்ப் பிரச்சினை ஆறு மாதத்தில் தீரும்'னு வருஷா வருஷம் போட்டிருக்கேன். மந்திரி பேரை மட்டும் மாத்துவேன். 'தங்கம் இனி ஏறாது'ன்னு ஒரு தடவை போட்டேன், என் ஆத்துக்காரி இன்னிவரைக்கும் அதைச் சொல்லித்தான் என்னைத் திட்டறா."

"சார், அந்த எங்க கம்பெனி நியூசு?" என்றாள் பிரிஜெட். அவள் புருஷனும் வால்வு கம்பெனிதான்.

"'ஆலை மூடப்படாது, நிர்வாகம் உறுதி.' ஞாபகம் இருக்கு. அதை நம்பி நாலு பேர் ஸ்கூட்டர் வாங்கினா."

"எங்க ஊட்டுக்காரரும் ஒருத்தர் சார். வண்டி இன்னும் நிக்குது. கோழி அடயறதுக்கு ஆவுது."

"தொண்ணூத்தொண்ணு டிசம்பர் காவேரிக் கலாட்டால போட்டீங்களே சார், 'நிலைமை கட்டுக்குள் இருக்கிறது'ன்னு" என்றாள் வேதநாயகி. "அதப் படிச்சிட்டுத்தான் இவரு என்னியும் கொழந்தையையும் ஜோலார்பேட்டைக்கு ரயிலேத்தி உட்டாரு. கட்டுக்குள்ள இருக்குதுன்னு பேப்பர்காரனே சொல்றான்னா மூட்டையக் கட்டிரணும்னாரு."

சுந்தரராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். "கெட்டிக்காரர். அவரைத்தான் பார்க்க வந்தேன். நாட்டிலே எவ்வளவோ பிள்ளையார் பால் குடிச்சார், எல்லாம் மறந்தாச்சு. காபி குடிச்சவருக்குத்தான் கோயில், பஸ் ஸ்டாப் எல்லாம். ஒரு தலைப்பு ஒரு ஸ்டாப்பா ஆனது என் சர்வீஸ்ல இது ஒண்ணுதான். எத்திராஜ் இருக்காரா?"

"டூட்டிக்குப் போயிட்டாரு." வேதநாயகி கையில் ஒட்டிய மாவை விரல் விரலாக வழித்தாள். இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் இல்லை என்று தோன்றியது. "சார், அவரு குடுக்கலை சார்."

"என்ன குடுக்கலை?"

"காபி. அவருக்கும் அதுக்கும் சம்மந்தமே இல்ல. நான்தான் குடுத்தேன். அவரு உள்ள தூங்கிக்கினு இருந்தாரு."

"ஆமா சார்" என்றாள் பிரிஜெட். "கொறட்ட தெரு வரைக்கும் கேட்டுச்சி. நான் சாட்சி."

சுந்தரராமன் ஜோல்னாப் பையை மடிமேல் இழுத்து வைத்துக்கொண்டார். மழைத்தூறல் தகரக் கூரையில் பொரிந்தது. "அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா."

"நீங்க கேக்கலியே சார். யார் ஊட்டுக் காபின்னுதான கேட்டீங்க. நீங்க அவரு பேரப் போட்டீங்க, அவருக்கு யூனியன்ல இருந்த பேரு போச்சி. ஊருக்குப் பகுத்தறிவு பேசறான், ஊட்டுல பிள்ளையாருக்குக் காபி ஊத்தறான்னு சிரிச்சாங்க. அந்த மனுசன் இன்னிக்கி வரைக்கும் இந்த ஸ்டாப்ல எறங்க மாட்டாரு சார். ஒரே ஒரு வரி போடுங்க. அவரு இல்லன்னு போடுங்க. போதும்."

"திருத்தம்னு போட்டா ஒருத்தரும் படிக்கமாட்டா. மூலையிலே எறும்பு மாதிரி ரெண்டு வரி. தமாஷா எழுதினாத்தான் படிப்பா."

"எப்படியாவது போடுங்க சார். படிக்கிற மாதிரி போடுங்க."

"உங்க பேரும்மா?"

அவள் சொன்னாள். அவர் எழுதிக்கொண்டார். அந்த லைனுக்குக் குடிவந்ததிலிருந்து அவள் பெயரை ஒருவர் கேட்டு எழுதிக்கொண்டது ரேஷன் கார்டுக்கு அப்புறம் இதுதான் முதல் தடவை. போட்டோ எடுக்க வேண்டும் என்றபோது, "ஐயோ, இப்படியேவா" என்று உள்ளே ஓடித் தலையை வாரி, பொட்டு வைத்துக்கொண்டு வந்து கிரைண்டர் பக்கத்தில் நின்றாள். புருஷன் மானத்தை மீட்கப் போய்த் தனக்கு இப்படி ஒரு சந்தோஷம் வருகிறதே என்று அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது. பிரிஜெட்டிடம், "அவருகிட்ட சொல்லிடாதக்கா. ஞாயித்துக்கெழம தானா பாக்கட்டும்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை எத்திராஜுக்கு வார லீவு. வேதநாயகி விடிந்தும் விடியாததுமாகப் போய்ப் பேப்பர் வாங்கி வந்தாள். மலரின் நடுப்பக்கத்தில் அரைப் பக்கத்துக்கு அவள் படம். பக்கத்தில் அந்தப் பழைய தலைப்பு சின்னதாக, புதுத் தலைப்பு பெரியதாக:

"கொடுத்தது அய்யா அல்ல, அம்மா!"

அதற்குக் கீழே, "காபி கணபதிக்கு முதல் காபி தந்த வேதநாயகி மனம் திறக்கிறார்" என்று இருந்தது. தன் பெயரை இரண்டு தடவை படித்தாள், விரலால் தடவியும் பார்த்தாள். அப்புறம்தான் கீழே போனாள். சுந்தரராமன் நன்றாகத்தான் எழுதியிருந்தார், சிரிக்கிற மாதிரி. ஓனரம்மாவின் மூக்கு, பிரிஜெட்டின் முக்காடு, தெருவரை கேட்ட குறட்டை எல்லாம் இருந்தது. கடைசி வரி இப்படி முடிந்தது: 'பிள்ளையார் காபி குடித்தபோது தூங்கிக்கொண்டு இருந்த தலைவர் இன்று வாட்ச்மேனாக விழித்துக்கொண்டு இருக்கிறார்.'

அந்த வரி அவளுக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் கேட்டது வந்துவிட்டது அல்லவா, அவர் கொடுக்கவில்லை என்று ஊரறிய அச்சிலே வந்துவிட்டது. இட்லித் தட்டோடு பேப்பரையும் அவர் முன்னால் வைத்தாள். எத்திராஜ் படித்தார். இட்லியைப் பிய்த்துச் சட்னியில் தொட்டுக்கொண்டே கடைசிவரை படித்தார். மடித்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, "இன்னும் ரெண்டு இட்லி வையி" என்றார்.

"ஒண்ணும் சொல்லலியே" என்றாள்.

"பேரு நல்லாத்தான் இருக்குது பேப்பர்ல. போட்டோவும் தெளிவா உழுந்துருக்குது" என்றார்.

அவர் கிண்டல் செய்கிறாரா என்று முகத்தைப் பார்த்தாள். கிண்டல் மாதிரி இல்லை. அது இன்னும் பயமாக இருந்தது. அந்த நேரம் வாசலில் ஸ்கூட்டர் சத்தம். முனிகிருஷ்ணன். எத்திராஜோடு பக்கத்து லேத்தில் நின்றவர், ஓசூர் பக்கத்து ஆள், பாதிப் பேச்சு கன்னடம். கையில் அதே பேப்பர்.

"என்ன குரு இது?" என்றார் உள்ளே நுழைந்ததும். "அண்ணி, என்ன கெலசம், என்ன வேல பண்ணியிருக்கீங்க?"

"உண்மையத்தான சொல்லியிருக்கேன்."

"உண்மையா? அன்னிக்கிக் கேட்ல இவரு என்ன சொன்னாருன்னு தெரியுமா உங்களுக்கு?"

"முனி, உடு" என்றார் எத்திராஜ்.

"விடறதா? இது வரப்போகுதுன்னு நேத்தே தெரிஞ்சிருந்தா நானே பிரஸ்ஸுக்குப் போயி எல்லாத்தையும் கொளுத்தியிருப்பேன்." முனிகிருஷ்ணன் சுவரோரம் உட்கார்ந்தார். "அண்ணி, அன்னிக்கிக் கேட்ல நானூறு பேரு. எதிரணி மனோகரன் கோஷ்டி பேப்பரத் தூக்கிக் காட்டுது. 'நீதான் குடுத்தியா, உன் பொண்டாட்டி குடுத்தாளா? சொல்லு. உன் பொண்டாட்டியையே திருத்த முடியல, எங்களத் திருத்த வந்துட்டியா'ன்னு ஒருத்தன் கத்தறான். லைன்ல இருந்து வந்த ஆளுங்க இருக்காங்கில்ல, விஷயம் கசிஞ்சிருச்சி. அண்ணன் ஒரு நிமிஷம் நின்னாரு. அப்பறம் மைக்கப் பிடிச்சி, 'குடுத்தது நான்தான். என் பொண்டாட்டி அந்தப் பக்கமே வரல. சோதனைக்குக் குடுத்தேன். காபி என்ன, சாக்கடைத் தண்ணி குடுத்தாலும் இந்தக் கல்லு குடிக்கும்'னாரு."

வேதநாயகி எத்திராஜைப் பார்த்தாள். அவர் தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டு இருந்தார்.

"பதில் நல்ல பதில்தான்" என்றார் முனிகிருஷ்ணன். "ஆனா யாரு நம்பறாங்க? சிரிச்சாங்க. சாமி பக்கத்து ஆளுங்க, பிள்ளையாரச் சாக்கடைன்னுட்டான்னு கோவிச்சிக்கிட்டாங்க. நம்ம ஆளுங்க, போயி காபி ஊத்திட்டு வந்து சமாளிக்கறான்னாங்க. ரெண்டு பக்கமும் ஓட்டுப் போச்சி. பொண்டாட்டி குடுத்தா, நான் தூங்கினேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும். நான்கூடச் சொன்னேன். கேக்கல மனுஷன்."

"ஏன்?" என்றாள் வேதநாயகி.

முனிகிருஷ்ணன்தான் சொன்னார். "பெயிண்ட் ஷாப்ல ஒருத்தன் இருந்தான், யூனியன் ஆளு. அவன் சம்சாரம் சாமி வந்து ஆடினான்னு அதுக்கு முந்தின வருஷம் பேச்சு வந்துச்சி. கேண்டீன்ல அந்தம்மா பேர வச்சிப் பாட்டே கட்டிட்டாங்க. ஷிப்ட்டுக்கு ஷிப்ட்டு அந்தப் பாட்டுதான். அந்தம்மா ரேஷன் கடைக்குக்கூட வரமுடியாம ஊருக்கே போயிருச்சி. நாயகி பேரு அந்த வாயிங்கள்ல விழக் கூடாது முனின்னு இவரு எங்கிட்டச் சொன்னாரு. உங்க காதுக்கு எதுவும் வரக் கூடாதுன்னு லைன் ஆளுங்க வாயையும் அடச்சி வச்சாரு. அதான்." பேப்பரை எடுத்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "இப்ப அந்தக் கேண்டீன் ஆளுங்க எல்லாம் இதப் படிச்சிருப்பாங்க. இனிமே பேசி என்ன ஆகப்போகுது. நான் போறேன்."

ஸ்கூட்டர் சத்தம் தெருமுனையைத் தாண்டிப் போனது. வெளியே தூறல் கனத்தது. ஊறவைத்த அரிசி அப்படியே இருந்தது.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா இன்னா பண்ணியிருப்ப?"

"கேட்டுக்கு வந்து நான்தான்னு சொல்லியிருப்பேன்."

"அதான் சொல்லல."

வேதநாயகி அவர் எதிரில் உட்கார்ந்தாள். "இத்தினி வருசமா எம்மேல கோவத்துல பேசாம இருக்கீங்கன்னு நெனச்சிக்கினு இருந்தேன். தெனம் உள்ளுக்குள்ள செத்தேன்."

"கோவம் இருந்துது" என்றார் எத்திராஜ். பொய் சொல்லத் தெரியாத மனிதர், சொன்ன பெரிய பொய் அந்த ஒன்றுதான். "கம்பெனிக்கு இல்ல. அது எந்தத் தலப்பு வந்தாலும் மூடியிருப்பான். எனக்குன்னு வச்சிருந்த காபி அது. நைட் ஷிப்ட் முடிச்சி வந்தவனுக்கு. ஓனரம்மா ஒரு வார்த்த சொன்னான்னு தூக்கிக் குடுத்துட்டியே. அதுதான் கொஞ்ச நாளு இருந்துது."

"அதையாவது கேட்டிருக்கலாம்ல."

"கேட்டிருக்கலாம்" என்றார். "ரெண்டு பேருமே பேசியிருக்கலாம். பேசல. உடு."

விடு என்றால் விட்டுவிட முடிகிறதா? அவர் கேட்டில் நின்று, நானூறு பேர் சிரிக்க, பதவியைக் கொடுத்துக் காப்பாற்றி வைத்த பெயரை அவள் தலைவாரிப் பொட்டு வைத்துக்கொண்டு போட்டோ எடுத்து ஊருக்கு விநியோகம் செய்துவிட்டாள். நல்லது செய்கிறோம் என்றுதான் செய்தாள். அதைச் சொல்லி யாரிடம் அழுவது? மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்து கிரைண்டரில் அரிசியைக் கொட்டினாள். பையன்களுக்குச் சாயங்காலம் மாவு போக வேண்டும்.

பத்து மணி வாக்கில் லைன் முகப்பில் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. பிரிஜெட்டின் குரல் கேட்டது, "அதோ, அந்தப் பச்சக் கதவு." மூன்று பெண்கள் குடைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு வந்தார்கள். நடுவில் இருந்தவள் வயதில் சின்னவள், இளைத்து, சால்வை போர்த்தி, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் இருந்தாள். பெரியவளின் கையில் துணி சுற்றிய பித்தளைக் கூஜா. காபி வாசனை வீட்டுக்குள் வந்தது.

"காபி அம்மா வீடு இதானா? பேப்பர்ல பார்த்தோம்" என்றாள் பெரியவள். "மல்லேஸ்வரத்துலேருந்து வர்றோம். இவ என் மருமக. மூணு தடவை வயித்துல நிக்காமப் போயிடுச்சி. அந்தம்மா கையால பிள்ளையாருக்கு ஒரு ஸ்பூன் குடுத்தாங்கன்னா, அந்தக் கையாலயே இவ வாயில ஒரு ஸ்பூன் ஊத்தினாங்கன்னா... வேற எங்க போறதுன்னு தெரியலை. கொஞ்சம் கூப்பிடுங்க."

வேதநாயகி உள்ளே கிரைண்டர் பக்கம் கையெல்லாம் மாவாக நின்றாள். இன்றைக்கு மூன்று பேர். நாளைக்கு முப்பது. இந்தக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவார்கள், கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். பிள்ளை நின்றால் சாமி. நிற்காவிட்டால்? அந்தச் சின்னவளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. போய் இல்லை என்று சொல்லவும் கால் வரவில்லை. பேப்பரில் இருக்கிறதே, படத்தோடு.

எத்திராஜ் எழுந்தார். லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு, ஆணியில் மாட்டியிருந்த சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனார்.

"பேப்பர்காரன் தப்பாப் போட்டுட்டாம்மா" என்றார். "அவங்க இல்ல. குடுத்தது நான்தான்."

"நீங்களா? நீங்க சாமியே இல்லன்னு சொல்றவராமே. தூங்கிட்டு இருந்தீங்கன்னு போட்டிருக்கு."

"அவங்களுக்குக் கூச்சம். எம்பேரு வரக் கூடாதுன்னு அப்படிச் சொல்லிட்டாங்க. கோயில் செவுத்துல மாட்டியிருக்குது பாருங்க, அதுதான் நெசம். நாத்திகர் கையாலன்னு. அந்தக் கை இதுதான்."

வேதநாயகி வாயைத் திறந்தாள். முன்னே போய், பொய், பொய், நான்தான் என்று சொல்லிவிட்டால் இந்த மனிதர் இரண்டாவது தடவை பொய்யராவார், அவள் வாயாலேயே. வாயை மூடிக்கொண்டாள். கண்ணீர் மாவுக் கையில் விழுந்தது.

பெரியவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தாள். கூஜாவை வாசற்படியில் வைத்தாள். மருமகளின் தோளைத் தொட்டு, "விழும்மா" என்றாள்.

அந்தப் பெண் ஈரச் சிமெண்டுத் தரையில் மண்டியிட்டு இரண்டு கையாலும் அவர் பாதத்தைத் தொட்டாள். மேடையில் தாலி எடுத்துக் கொடுத்த தலைவர் காலில்கூட விழ மாட்டேன் என்றவர், கல்யாணத்தன்று குனிந்த வேதநாயகியின் கையைப் பிடித்துத் தூக்கி, மனுஷன் காலில் மனுஷன் விழுவதா என்று கேட்டவர். கதவு நிலையைப் பிடித்த அவர் விரல்கள் வெளுத்தன. எத்திராஜ் காலை இழுத்துக்கொள்ளவில்லை.